டைமிங் பெல்ட்டை அளவாக இறுக்குவது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு, டைமிங் பெல்ட் மாற்றிய சில நாட்களிலேயே என்ஜின் முன்பக்கம் ஊளையிடுகிறது என்றோ, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஏதோ தட்டுகிறது என்றோ சொல்லிக் கொண்டுவரப்படும் கார்களில், பெல்ட்டே தரமற்றதாக இருந்தவை குறைவு. நல்ல பெல்ட்டின் இறுக்கம் தவறாக வைக்கப்பட்டவையே அதிகம். பெல்ட்டைக் கழற்றும் முறையும் மாட்டும் முறையும் காருக்குக் கார் மாறும். ஆனால் இறுக்கம் வைப்பதற்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் எல்லா என்ஜின்களுக்கும் பொதுவானவை. அவற்றைப் புரிந்துகொண்டவர் எந்தக் காரின் சர்வீஸ் மேனுவலைத் திறந்தாலும், அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏன் எழுதப்பட்டது என்பதை அறிந்து வேலை செய்வார். ஆகவே இங்கே காரணங்களை விரிவாகவும் படிகளை அவற்றோடு சேர்த்தும் எழுதுகிறேன். போல்ட்டுகளின் முறுக்கு அளவுகளை மட்டும் உங்கள் காரின் மேனுவலில் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஒரு காரின் அளவை இன்னொரு காருக்கு வைப்பது கூடாது.

டைமிங் பெல்ட் என்பது, பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் பல்லுள்ள பட்டை. முதலில் உங்கள் காரில் இருப்பது பெல்ட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய மாருதி 800, ஹூண்டாய் சான்ட்ரோ, டாடா இண்டிகா டீசல், ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல், ஃபோக்ஸ்வேகன் போலோ டீசல் ஆகியவற்றில் பெல்ட் உண்டு. மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் என்ஜினிலும், ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 லிட்டர் டீசலிலும் செயின்தான். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் போல, பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் என்ஜின்களும் இருக்கின்றன. அவற்றின் வேலை வேறு வகை, இங்கே அதைத் தொடவில்லை.

தொய்வு எங்கே இருக்க வேண்டும்

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். இதற்காகத்தான் கேம் பல் சக்கரத்தில், கிராங்க் பல் சக்கரத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு பற்கள் இருக்கும். கிராங்க் சுற்றும்போது பெல்ட்டின் ஒரு பக்கத்தைத் தன்னை நோக்கி இழுக்கிறது. அந்தப் பக்கம் எப்போதும் விறைப்பாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில், கிராங்க்கிலிருந்து வெளியேறி மேலே கேமை நோக்கிப் போகும் பகுதியில், தொய்வு சேரும். பெல்ட்டை அழுத்தி இறுக்கும் உருளையான டென்ஷனர் எந்தக் காரிலும் இந்தத் தொய்வுப் பக்கத்தில்தான் வைக்கப்பட்டிருக்கும். கிணற்றில் வாளிக் கயிற்றை இழுப்பவர் கையில் கயிறு விறைப்பாக இருக்க, அவர் காலடியில் மீதிக் கயிறு தளர்ந்து விழுவதைப் போன்றது இது. காலடியில் கிடக்கும் அந்தக் கயிற்றைச் சுருட்டி வைப்பது மட்டுமே டென்ஷனரின் வேலை.

இதிலிருந்து இந்த வேலையின் அடிப்படை கிடைக்கிறது. பெல்ட்டில் இருக்கும் தொய்வு முழுவதும் டென்ஷனர் இருக்கும் பக்கத்துக்கு வந்து சேர்ந்த பிறகே டென்ஷனரைப் பூட்ட வேண்டும். இழுக்கும் பக்கத்தில் அரைப் பல் அளவுக்குத் தொய்வு மிச்சம் இருக்கும்போதே பூட்டிவிட்டால், அப்போது டென்ஷனர் பக்கம் கையால் அழுத்திப் பார்க்கும்போது சரியான இறுக்கம் இருப்பதாகவே தெரியும். என்ஜின் ஓடத் தொடங்கிய முதல் நொடியில் அந்த மிச்சத் தொய்வு கிராங்க்கைச் சுற்றி மறுபக்கம் வந்துவிடும். டென்ஷனர் ஏற்கெனவே பூட்டப்பட்டிருப்பதால் அதை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. பெல்ட் தளர்ந்தபடியே ஓடும். டென்ஷனர் நன்றாக இருந்தும், பெல்ட் புதிதாக இருந்தும், இறுக்கம் போதாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

இறுக்கம் குறைந்தால், ஸ்டார்ட் செய்யும் நேரத்திலோ, வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்போதோ, பெல்ட் ஒரு பல் தாண்டும். ஒரு பல் தாண்டினால் பல என்ஜின்களில் இழுவை குறைந்து, ஐட்லிங் தடுமாறும். மேலும் தாண்டினால், திறந்திருக்கும் வால்வை மேலே வரும் பிஸ்டன் முட்டும், வால்வு வளையும். எல்லா என்ஜின்களிலும் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் அமைப்பு இல்லை என்றாலும், டீசல் என்ஜின்களில் பெரும்பாலும் முட்டும். இறுக்கம் கூடினால் சேதம் மெதுவாக வரும்: வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஊளைச் சத்தம், பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லரின் பேரிங் தேய்மானம், பெல்ட் ஓட்டத்தில் வாட்டர் பம்ப் இருக்கும் கார்களில் அதன் பேரிங்கும் சீலும் கெட்டுக் கூலன்ட் கசிவது, பெல்ட் பற்களின் அடியில் வெடிப்பு. தளர்வு நேரடியாக வால்வைக் கெடுத்துவிடும் என்பதால், பயந்துகொண்டு கூடுதலாக இறுக்குபவர்கள் உண்டு. அதைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டால் பெல்ட் அறுந்து, அதே வால்வுச் சேதத்தில்தான் முடியும்.

சூடான என்ஜினில் செய்யக் கூடாது

பெல்ட்டுக்குள் நீளவாட்டில் ஓடும் இழைகள் கண்ணாடி நாரால் ஆனவை. அவை சூட்டில் மிகக் குறைவாகவே நீளும். என்ஜினின் அலுமினியம் அதைப் போலப் பல மடங்கு விரியும். கிராங்க் மையத்துக்கும் கேம் மையத்துக்கும் இடையே 300 மில்லிமீட்டர் இருக்கும் ஓர் அலுமினிய என்ஜின் 70 டிகிரி சூடேறினால், அந்த இடைவெளி கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் கூடுகிறது. பெல்ட் மேலே போகும் பக்கம், கீழே வரும் பக்கம் என்று இரண்டு பக்கங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அதாவது, என்ஜின் சூடாக இருக்கும்போது பெல்ட் தானாகவே விறைக்கும், ஆறியதும் தளரும். சூட்டில் அளவாக வைத்த இறுக்கம், மறுநாள் காலையில் குறைவான இறுக்கமாக இருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன் பட்டே தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், திருப்பாதிரிப்புலியூரில் நடக்கவிருந்த ஒரு திருமணத்துக்கு ஓட்ட வேண்டிய டாக்சி ஒன்று, முந்தைய நாள் மாலை பெல்ட் மாற்ற வந்தது. புதுச்சேரியிலிருந்து நேராக ஓடி வந்த என்ஜின். ஒரு மணி நேரம்கூட ஆறவிடாமல் கழற்றிப் புதிய பெல்ட்டைப் போட்டு, கையால் இழுக்க வேண்டிய டென்ஷனரை அந்தச் சூட்டிலேயே பூட்டி, இரவுக்குள் கொடுத்துவிட்டேன். திருமண வேலை நல்லபடியாக முடிந்தது. நான்காம் நாள் விடியற்காலையில், மழை பெய்து குளிர்ந்திருந்த நேரத்தில், ஸ்டார்ட்டரைப் போட்டதும் பெல்ட் பல் தாண்டி, இரண்டு வால்வுகள் வளைந்தன. தவறு என்னுடையது என்பதால் சிலிண்டர் ஹெட் வேலையை என் செலவில் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து, இரவு முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்ட என்ஜினில் மட்டுமே டென்ஷனர் பூட்டுவது என்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

நம் ஊர் வெயிலில் இதற்கு இன்னொரு கவனமும் வேண்டும். மேனுவல்களில் குளிர்ந்த என்ஜின் என்று எழுதும்போது, பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டிய அறை வெப்பத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கொட்டகைக்குக் கீழே பிற்பகலில் நிற்கும் கார், ஓடாமல் நின்றாலும் அந்த நிலைக்கு வராது. கோடையில் கழற்றும் வேலையை முந்தைய நாள் முடித்து வைத்துக்கொண்டு, இறுக்கம் வைக்கும் வேலையை மட்டும் மறுநாள் காலை ஏழு, எட்டு மணிக்குள் செய்வது நல்லது.

கழற்றும்போது பார்க்க வேண்டியவை

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்குங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. பெட்ரோல் கார் என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். கம்ப்ரஷன் இல்லாதபோதுதான் கிராங்க்கைக் கையால் சீராகச் சுற்ற முடியும். கம்ப்ரஷனோடு சுற்றினால் கிராங்க் திடீரென்று பின்னோக்கி உதைத்து, நீங்கள் சேர்த்து வைத்த தொய்வை மறுபக்கம் அனுப்பிவிடும். டீசலில் குளோ பிளக்குகளைக் கழற்றுவது, பழைய வண்டியில் அவை உடைந்துபோகக் கூடும் என்பதால், எப்போதும் ஏற்றதல்ல. அங்கே நீளமான கைப்பிடியோடு மெதுவாகச் சுற்றினால் போதும்.

முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேல்நிலைக்கு வருமாறு கிராங்க்கைச் சுற்றி, கிராங்க் மற்றும் கேம் குறிகள் தத்தம் இடத்தில் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். கேம் பல் சக்கரம் கிராங்க்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே குறிக்கு வரும் என்பதால், கிராங்க் குறி சரியாக இருந்து கேம் குறி எதிர்ப்பக்கம் இருந்தால், கிராங்க்கை இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க்கும் கேமும் அசையாமல் இருக்கத் துளையில் செருகும் பூட்டுப் பின் (pin) போட்டு நிறுத்தும் என்ஜின்களில் பின் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஆனால் கிராங்க் புல்லி போல்ட்டைத் தளர்த்தும் விசையை அந்தப் பின்கள் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது; அதற்குப் புல்லியைப் பிடிக்கும் தனிக் கருவி இருக்கிறது.

கழற்றிய பழைய பெல்ட்டைத் தூக்கி எறிவதற்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் ஒரு பக்கம் மட்டும் நைந்து நூல் தெரிந்தால், ஏதோ ஓர் ஐட்லரோ டென்ஷனரோ சாய்ந்து நிற்கிறது. பற்களின் அடியில் வெடிப்பு இருந்தால், இறுக்கம் கூடியிருந்ததா என்று யோசிக்க வேண்டும். பற்களின் மேல் துணி தேய்ந்து பளபளத்தால், தளர்ந்து ஓடியிருக்கலாம். ஆயில் பட்டு ஊறியிருந்தால், கேம் அல்லது கிராங்க் ஆயில் சீல் கசிகிறது; அதை மாற்றாமல் புதிய பெல்ட்டைப் போட்டால் அந்த ரப்பரும் கெட்டுவிடும். பெல்ட்டை மாற்றிவிட்டுக் காரணத்தை அப்படியே விட்டுவைத்தால், எவ்வளவு கவனமாக இறுக்கம் வைத்தாலும் அது நிலைக்காது.

டென்ஷனரையும் ஐட்லரையும் கையில் பிடித்துக் காதருகே வைத்துச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலும், கிரீஸ் வற்றிப்போய் விரலால் சுண்டியதும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாலும், பக்கவாட்டில் ஆடினாலும் மாற்ற வேண்டும். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் ஆகியவை சேர்ந்த கிட் வாங்குவதையே நான் எப்போதும் சொல்வேன். பெல்ட்டோடு ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்து. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி கடற்கரைச் சாலையை அடுத்த தெருக்களிலும் வெட்டவெளியில் நிற்கும் கார்களில், டென்ஷனர் ஸ்பிரிங்கின் கொக்கிகளிலும், அது தொங்கும் ஆணியிலும், டென்ஷனர் அசையும் அச்சிலும் துரு பிடித்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். துருவால் அச்சு சிக்கிக்கொண்டால் ஸ்பிரிங்கால் டென்ஷனரைத் தள்ள முடியாது. நீங்கள் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தொய்வு எடுபடாது. டென்ஷனரைப் பூட்டும் போல்ட்டைத் தளர்த்தி, விரலால் தள்ளிவிட்டால் அது தடையில்லாமல் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

புதிய பெல்ட்டை மாட்டுதல்

புதிய பெல்ட்டை முறுக்கவோ, உள்ளும் புறமுமாகப் புரட்டவோ, கிராங்க் பல் சக்கரத்தைவிடச் சிறிய வளையமாக மடக்கவோ கூடாது. வெளியே ஒன்றும் தெரியாமலேயே உள்ளே இருக்கும் கண்ணாடி இழைகள் ஒடியும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றுவதும் இதே காரணத்தால் தவறு. அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைப் பார்க்கட்டும்.

கிராங்க் பல் சக்கரத்தில் தொடங்கி, இழுக்கும் பக்கத்தின் வழியாகக் கேமுக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பக்கத்தைக் கையால் இழுத்துப் பிடித்தபடியே கேம் பற்களில் ஏற்ற வேண்டும். குறிகள் நேராக இருக்க, அந்தப் பக்கம் துளியும் தொய்வில்லாமல் இருந்தால் மட்டுமே தொடருங்கள். பல் சரியாக உட்காரவில்லை என்றால், கேம் பல் சக்கரத்தை ஒரு மயிரிழை திருப்பி ஏற்றலாம். பெல்ட்டை இழுத்து நீட்ட முயல வேண்டாம். பிறகு வாட்டர் பம்ப், ஐட்லர் வழியாகத் தொய்வுப் பக்கத்தைச் சுற்றிக் கடைசியாக டென்ஷனரின் மேல் விடுங்கள். எல்லாத் தொய்வும் இப்போது டென்ஷனரின் எதிரே இருக்க வேண்டும்.

மூன்று வகை டென்ஷனர்கள்

முதல் வகை, ஸ்பிரிங் இழுக்க, போல்ட் பூட்டும் பழைய வகை. மாருதி 800, சான்ட்ரோ போன்றவற்றில் இருப்பது இதுதான். போல்ட்டுகளைத் தளர்த்தியதும் ஸ்பிரிங் டென்ஷனரை பெல்ட்டின் மேல் சாய்க்கும். உடனே பூட்டிவிடாதீர்கள். கிராங்க்கை, என்ஜின் ஓடும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். அப்போதுதான் கேம் ஒரு முழுச் சுற்று சுற்றி, எல்லாப் பற்களும் ஒருமுறை பல் சக்கரத்தில் அமர்ந்து, மிச்சம் இருந்த தொய்வும் டென்ஷனர் பக்கம் வந்து சேரும். அதன் பிறகு மேனுவல் சொல்லும் இடத்தில் நிறுத்திப் பூட்டுங்கள். ஸ்பிரிங் இழுக்கும் விசையே இறுக்கத்தின் அளவு. கையாலோ நெம்புகோலாலோ அதற்கு உதவி செய்யக் கூடாது.

இந்த வகையில் இரண்டு போல்ட் இருந்தால், எதை முதலில் இறுக்குவது என்பது முக்கியம். ஹூண்டாயின் பழைய என்ஜின்கள் சிலவற்றில் ஒரு போல்ட் நீள்துளையில் நகரும். மற்றது அச்சாக நிற்கும். நீள்துளை போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும். அச்சு போல்ட்டை முதலில் இறுக்கினால், போல்ட்டோடு சேர்ந்து டென்ஷனர் தட்டும் திரும்பி, பெல்ட் கூடுதலாக இறுகிவிடும். இத்தனை கவனமாகச் செய்த வேலை ஒரே ஸ்பேனர் திருப்பத்தில் கெடுவது இங்கேதான்.

எந்தத் திசை என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். கிராங்க் புல்லியை நேராகப் பார்த்து நின்றால், பெரும்பாலான என்ஜின்கள் கடிகார முள் திசையில் சுற்றும். 1998இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஹோண்டா சிட்டியின் என்ஜின் இதற்கு எதிர்த்திசையில் சுற்றும். அந்த என்ஜினின் முறை, நான் சொன்ன அடிப்படையை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. கிராங்க்கை ஐந்தாறு சுற்று சுற்றி பெல்ட்டை அமரவைத்து, மேல்நிலையில் நிறுத்தி, டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்திய பின், கேம் பல் சக்கரம் மூன்று பல் நகரும்வரை கிராங்க்கை ஓட்டத் திசையில் சுற்றி, அந்த நிலையிலேயே பூட்டுகிறார்கள். அந்த மூன்று பல் தூரத்தில் வால்வு ஸ்பிரிங்குகள் கேமைத் தடுத்துப் பிடிக்க, இழுக்கும் பக்கம் விறைத்து, தொய்வு முழுவதும் டென்ஷனரிடம் போய்ச் சேர்கிறது. மற்ற என்ஜின்களிலும் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிறுத்திப் பூட்டச் சொல்வதன் காரணம் இதுவே. கேம் நிற்கும் இடத்தைப் பொறுத்து வால்வு ஸ்பிரிங்குகள் அதை முன்னோக்கியோ பின்னோக்கியோ தள்ளுகின்றன. இடம் மாறினால் தொய்வும் இடம் மாறும்.

ஒருபோதும் பின்னோக்கிச் சுற்றாதீர்கள். குறியைத் தாண்டிவிட்டால், பின்னால் திருப்பிக் குறிக்குக் கொண்டுவராமல், மீண்டும் இரண்டு சுற்று முன்னோக்கியே சுற்றி வாருங்கள். கேம் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜினைச் சுற்றுவதும் தொய்வைத் தவறான பக்கம் அனுப்பும்.

இரண்டாம் வகை, மையம் விலகிய அச்சும் முள்ளும் கொண்ட தானியங்கி டென்ஷனர். ஃபோக்ஸ்வேகன், ரெனோ டீசல்களில் இதைக் காணலாம். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. நீங்கள் வைப்பது அந்த ஸ்பிரிங் நிற்க வேண்டிய இடத்தை மட்டுமே. மையத்தில் உள்ள துளையில் ஆலன் கீயையோ அதற்குரிய கருவியையோ போட்டு, அம்பு காட்டும் திசையில் மெதுவாகத் திருப்பினால், முள் நகர்ந்து வெட்டுக்கு நேராகவோ குறிப்பிட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவிலோ வரும். ஆலன் கீயை அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். பிடியைத் தளர்த்தினால் நட்டோடு அச்சும் சேர்ந்து திரும்பும். பிறகு இரண்டு சுற்று சுற்றி, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விலகியிருந்தால் மீண்டும் தளர்த்தி முதலிலிருந்து செய்ய வேண்டும். நட்டு இறுகியிருக்கும்போதே முள்ளைத் தட்டி நகர்த்துவது பயனற்றது.

இந்த வகையில் இரண்டு தவறுகளை அடிக்கடி காண்கிறேன். ஒன்று, டென்ஷனரின் பின்பக்கம் உள்ள நாக்கு, பிளாக்கில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் உட்காராமல் இருப்பது. முன்னாலிருந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். முள்ளும் வெட்டில் நிற்கும். ஓடும்போது டென்ஷனர் மொத்தமாகத் திரும்பிவிடும். நட்டைப் போடுவதற்கு முன்பே சிறிய கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அதைப் பார்த்துவிடுங்கள். மற்றொன்று, அச்சைத் தவறான திசையில் சுற்றி முள்ளை நேராக்குவது. அப்போது டென்ஷனர் பெல்ட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கி நிற்கும். சூடு ஏறி இறங்கும்போது அதனால் ஒழுங்காக ஈடுகொடுக்க முடியாது.

மூன்றாம் வகை ஹைட்ராலிக். ஆயிலும் ஸ்பிரிங்கும் நிரம்பிய சிலிண்டர் ஒன்று டென்ஷனர் புல்லியைத் தள்ளும். புதியது பின் குத்தப்பட்டே வரும். பழையதைத் திரும்பப் போடுவதானால், வைஸில் நிமிர்த்தி வைத்து, மிக மெதுவாக அழுத்தி, துளைகள் நேரானதும் பின்னைக் குத்துங்கள். வேகமாக அழுத்தினால் உள்ளே இருக்கும் சீல் கெடும். பொருத்தி, பெல்ட்டை மாட்டி, பின்னை உருவிய பிறகு இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில என்ஜின்களுக்கு 15 நிமிடம்கூடச் சொல்லியிருப்பார்கள். அதன் பிறகே தண்டு எத்தனை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து மேனுவல் அளவோடு ஒப்பிட வேண்டும்.

டார்க் ரென்ச் பற்றி ஒரு சொல். சக்கர நட்டுக்குப் பயன்படும் பெரிய ரென்ச், டென்ஷனர் நட்டுக்குத் தேவையான சிறிய அளவுகளில் துல்லியமாகக் காட்டாது. சிறிய அளவுகளுக்கென்று உள்ள ரென்ச் ஒன்று தனியாக வேண்டும். இறுக்கும்போதே சற்று நீளும் வகைப் போல்ட்டுகளை, மேனுவல் புதிதாகப் போடச் சொன்னால், புதிதாகவே போடுங்கள்.

இறுக்கத்தைச் சோதித்தல்

நம் பட்டறைகளில் காலங்காலமாகச் செய்துவரும் சோதனை, மிக நீளமான இடைவெளியின் நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துத் திருகிப் பார்ப்பது. விரல் விசையில் 90 டிகிரி வரை வந்து அங்கே நின்றால் போதும் என்பார்கள். ஸ்பிரிங் வகைப் பழைய என்ஜின்களில் பெரிய தவறு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இது உதவும். ஆனால் இதை அளவாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பெல்ட்டின் அகலம், இடைவெளியின் நீளம், திருகுபவரின் விரல் வலிமை ஆகிய மூன்றும் முடிவை மாற்றிவிடும். தானியங்கி டென்ஷனரில் திருகினால் டென்ஷனரே இடம் கொடுக்கும் என்பதால், அங்கே இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. முள்ளை மட்டுமே பாருங்கள்.

மேனுவல் அழுத்தும் விசையையும் பெல்ட் உள்வாங்கும் அளவையும் கொடுத்திருந்தால், ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்து அளக்கலாம். அதிர்வெண் அளவு கொடுத்திருக்கும் என்ஜின்களில் இன்னும் துல்லியமான வழி உண்டு. வீணைத் தந்தியைப் போல, விறைப்பாக நிற்கும் பெல்ட்டைச் சுண்டினால் அது ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் அதிரும். அதற்கென்று மீட்டர்கள் உள்ளன. அமைதியான இடத்தில், மைக்கைப் பெல்ட்டுக்கு மிக அருகில் வைத்து, ஒலி அதிர்வெண்ணைக் காட்டும் கைபேசிச் செயலியாலும் அளக்கலாம். மேலே ஓடும் ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஒரே இடைவெளியில் ஐந்து முறை சுண்டி, ஒன்றோடொன்று ஒத்துவரும் அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். இழுவிசை, அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு கூடுகிறது. கணக்கு விளங்குவதற்காக, ஒரு மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள ஒரு பெல்ட்டையும் 200 மில்லிமீட்டர் இடைவெளியையும் வைத்துக்கொள்வோம். அது 100 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் இழுவிசை 160 நியூட்டன். 110 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் ஏறத்தாழ 194 நியூட்டன். அதிர்வெண்ணில் 10 சதவீதம் என்பது இழுவிசையில் 21 சதவீதம். சில ஹெர்ட்ஸ்தானே என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொன்னேன். அதேபோல, ஓர் என்ஜினுக்கான ஹெர்ட்ஸ் அளவு வேறு நீளமும் வேறு அகலமும் உள்ள பெல்ட்டுக்குப் பொருந்தாது.

எந்த வகையானாலும், பூட்டிய பிறகு மறுபடியும் இரண்டு சுற்று சுற்றி, குறிகளையும் டென்ஷனரையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். சுற்றும்போது எங்காவது கடினமாக முட்டினால் விசை கொடுத்துத் தாண்டவைக்காதீர்கள்; அது வால்வாக இருக்கலாம். பின் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்குப் பின் குறிகள் அரைப் பல் விலகி நின்றால், இழுக்கும் பக்கத்தில் தொய்வோடு மாட்டியிருக்கிறீர்கள். அப்படியே ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காமல், பெல்ட்டை எடுத்து முதலிலிருந்து மாட்டுங்கள்.

ஓட்டிய பின்

மேல் உறையை மட்டும் திறந்து வைத்து என்ஜினை ஸ்டார்ட் செய்து, கையையும் துணியையும் தள்ளி வைத்து, சில நிமிடம் கேளுங்கள். பெல்ட் உறையில் படும் பட் பட் ஓசை தளர்வைக் காட்டும். வேகத்தோடு ஏறும் ஊளை, கூடுதல் இறுக்கத்தைக் காட்டும். இரண்டும் இல்லை என்றால் எல்லா உறைகளையும் ரப்பர் ஓரங்களோடு சேர்த்துப் பூட்டுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை மணலும் சிப்காட் பகுதித் தூசியும் பல் சக்கரத்தில் சேர்ந்தால் பெல்ட்டை அரைத்துவிடும் என்பதால், உடைந்த உறையைக் கம்பியால் கட்டிவைப்பதை நான் ஏற்பதில்லை.

சில மாதங்களில் தளர்வு தெரிந்தால், அதே பெல்ட்டை மறுபடி இறுக்கித் தந்துவிடலாம் என்று நினைப்பார்கள். கண்ணாடி நார் அப்படி நீள்வதில்லை. தளர்வு வந்திருந்தால் டென்ஷனர் நகர்ந்திருக்கிறது, அல்லது பற்கள் தேய்ந்திருக்கின்றன, அல்லது பேரிங் ஆடுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்து, பெல்ட்டையும் புதிதாகவே போடுங்கள்.

மழைக்காலத்தில் வெள்ள நீரில் நின்ற கார்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோதும், 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், கடலூரிலும் புதுச்சேரியிலும் தெருக்களில் நீர் தேங்கி நின்றது. புல்லி மூழ்கும் அளவுக்கு நீர் ஏறியிருந்தால், கீழ் உறைக்குள் சேறு புகுந்து கிராங்க் பல் சக்கரத்தின் பள்ளங்களில் படிந்திருக்கும். பள்ளத்தில் சேறு இருந்தால் பெல்ட் உயர்ந்து ஓடும். இறுக்கம் அளவுக்கு மீறிவிடும். டென்ஷனர் பேரிங்கின் கிரீஸும் கழுவப்பட்டுப் போயிருக்கும். ஏர் ஃபில்டர், ஆயில் ஆகியவற்றைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே உறையைக் கழற்றி, சேற்றை நன்னீரால் கழுவி உலர்த்தி, டென்ஷனரையும் ஐட்லரையும் மாற்றி, மேலே சொன்னபடி குளிர்ந்த என்ஜினில் இறுக்கத்தை மறுபடி வையுங்கள்.

பல தயாரிப்பாளர்கள் பெல்ட்டின் ஆயுளைக் கிலோமீட்டரில் மட்டுமின்றி ஆண்டுக் கணக்கிலும் தருகிறார்கள். ஊருக்குள்ளேயே ஓடும் கார்களில் கிலோமீட்டர் வருவதற்கு முன்பே ஆண்டு முடிந்துவிடும். ஆகவே வேலை முடிந்ததும், அன்றைய தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பானட்டின் உட்புறத்தில் நீர் படாத இடமாகப் பார்த்து ஒட்டிவையுங்கள். அடுத்து அந்த உறையைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.